விளக்கிற்கு எண்ணெய் வார்ப்பவர் யார்?

செவிலியர் பள்ளிகளில் விளக்கேற்றும் விழா என்று ஒன்று உண்டு. முதலாண்டு மாணவியர் வெள்ளுடை அணிந்து வரிசையாக நிற்பர். மூத்த ஆசிரியை ஒருவர் ஏந்திய விளக்கிலிருந்து சுடர் ஒவ்வொரு கையாக மாறிச் செல்லும். பின்னர் எல்லாரும் ஒரே குரலில் உறுதிமொழி கூறுவர். அரங்கத்தில் அமர்ந்திருக்கும் பெற்றோரின் கண்கள் அவ்வேளையில் கலங்காமல் இருப்பதில்லை. நிலத்தை அடகு வைத்தோ, நகையை விற்றோ, வங்கியில் கல்விக் கடன் பெற்றோ மகளைப் படிக்க அனுப்பிய தந்தை, ‘என் பிள்ளை இனி நாலு பேருக்கு உதவியாய் இருப்பாள், தன் காலில் தானே நிற்பாள்’ என்று நெஞ்சம் நிறைவார்.

அப்படியொரு விழாவில் கண்கலங்கிய பெற்றோரின் இல்லத்தில், ஆறேழு ஆண்டுகள் கழிந்தபின் நிகழ்ந்த ஓர் உரையாடலை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். நமக்கு நன்கு அறிமுகமான குடும்பம் அது. ஊரும் பெயரும் வேண்டாம்.

இரவுப் பணி முடித்துக் காலை ஒன்பது மணிக்கு வீடு திரும்பிய மகள், காலணியைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் அமர்ந்தாள்.

“அப்பா, நான் இந்த வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.”

“ஏன் அம்மா? யாராவது ஏதாவது சொன்னார்களா?”

“யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னால் முடியவில்லை அப்பா. என்னோடு படித்த ஒருத்தி மெடிக்கல் கோடிங் கற்றுக்கொண்டு சென்னையில் அலுவலக வேலைக்குப் போய்விட்டாள். நானும் அதற்குப் போகிறேன்.”

தந்தை ஒன்றும் பேசவில்லை. அடுப்படியிலிருந்து வெளியே வந்த தாய்தான் பேசினார். “இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தது இதற்குத்தானா, பாப்பா? இது ஆண்டவர் கொடுத்த வேலை. புண்ணியம் உள்ள வேலை. இதை விட்டுவிட்டா கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறாய்?”

மகள் மறுமொழி கூறாமல் உள்ளே சென்று படுத்துக்கொண்டாள். அன்று மாலை தந்தை நம்மிடம் வந்து, ‘நீங்களாவது அவளுக்குப் புத்தி சொல்லுங்கள்’ என்று கேட்டுக்கொண்டார். புத்தி சொல்லச் சென்ற நாம், அவள் கூறியவற்றைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பினோம். அன்று கேட்டவையும், பின்னர் வேறு சில செவிலியரிடம் விசாரித்து அறிந்தவையும் நம்மைச் சிந்திக்க வைத்தன. அச்சிந்தனையை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் இரவின் கதை

மாவட்டத் தலைநகர் ஒன்றிலுள்ள தனியார் மருத்துவமனையில் அவளுக்கு வேலை. இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை பணி. வார்டில் 28 கட்டில்கள். இரு செவிலியர் இருக்க வேண்டிய இரவில், ஒருவர் விடுப்பில் சென்றுவிட்டதால் அவளும் பயிற்சி மாணவி ஒருத்தியுமே இருந்தனர்.

ஒன்பது மணிக்கு மாத்திரைகள், பத்து மணிக்கு ஊசிகள். அன்று பகலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு மணிக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். ஒரு கட்டிலில் டிரிப்ஸ் முடிந்துவிட்டது என்று அழைப்பு; மறு கட்டிலில் கை வீங்கிவிட்டது என்று அழைப்பு. நள்ளிரவுக்குப் பின் நெஞ்சுவலி என்று ஒருவரைக் கொண்டு வந்தனர். மருத்துவர் வந்து சேரும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. அதற்குள் மற்றொரு நோயாளியின் மகன் வந்து, ‘காசு கொடுக்கிறோமே, கூப்பிட்டால் வரமாட்டீர்களா?’ என்று உரத்த குரலில் ஏசினான். அவளுக்குத் தண்ணீர் குடிக்கவும் நேரமில்லை. குடித்தால் கழிவறைக்குச் செல்ல நேரமில்லை என்பதால் குடிப்பதும் இல்லை.

விடியற்காலை நான்கு மணிக்கு, பத்து நாள்களாக அவளே பராமரித்து வந்த முதியவர் ஒருவர் இறந்துபோனார். அவருடைய மனைவி அவள் தோளில் சாய்ந்து அழுதார். செய்ய வேண்டியவற்றை முறைப்படி செய்து, உடலைத் துடைத்து, துணி சுற்றி அனுப்பிவிட்டு, அடுத்த கட்டிலுக்குச் சென்று புன்னகையோடு இன்சுலின் போட்டாள். காலையில் பணியை ஒப்படைக்கும்போது, கேஸ் ஷீட்டில் ஓரிடத்தில் கையொப்பம் விடுபட்டதை மேற்பார்வையாளர் சுட்டிக்காட்டினார். இறந்தவரைப் பற்றி அவளிடம் எவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

இவ்வளவும் கூறியபின் அவள் சொன்ன ஒன்றுதான் நம் நெஞ்சில் தைத்தது. “முன்பெல்லாம் மணி அடித்தால் ஓடுவேன். இப்போது மணி அடித்தாலே எரிச்சல் வருகிறது. அந்தப் பாவப்பட்ட சனங்கள்மேல் எனக்கு எரிச்சல் வருகிறதே என்றுதான் பயமாக இருக்கிறது. நான் கெட்டவளாகிவிடுவதற்குள் போய்விட வேண்டும்.”

தாய் நினைத்ததுபோல் சொகுசைத் தேடி அவள் ஓடவில்லை. தன் உள்ளத்தில் இரக்கம் வற்றி வருவதைத் தானே கண்டு அஞ்சினாள்.

இது ஒருத்தியின் குறையா?

இத்தகைய சோர்வை உலக நல நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் தன் நோய் வகைப்பாட்டு நூலில் விளக்கியுள்ளது. அதை ஒரு நோய் என்று அது கூறவில்லை. வேலையிடத்தில் நாள்பட்ட நெருக்கடி சரியாகக் கையாளப்படாததால் விளையும் நிலை என்றே கூறுகிறது. அதற்கு மூன்று அடையாளங்கள்: ஆற்றல் முழுதும் வடிந்துபோன களைப்பு; செய்யும் வேலையின்மேல் வெறுப்பும் விலகலும்; ‘நான் செய்வதால் ஒரு பயனும் இல்லை’ என்னும் எண்ணம். தன் எரிச்சலைக் கண்டு அஞ்சிய அப்பெண் இரண்டாம் அடையாளத்தையே தன் சொற்களில் கூறினாள். நோயின் வேர் அவள் குணத்தில் இல்லை. வேலையின் அமைப்பில் இருக்கிறது.

அமைப்பு என்றால் என்ன? முதலாவது எண்ணிக்கை. போதனை மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், மற்றப் பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளி ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் மன்றம் வகுத்த அளவு. விடுப்பில் செல்வோருக்கு ஈடாக, நூற்றுக்கு முப்பது பேர் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். இந்த அளவையும், 28 கட்டில்களுக்கு நடுவே பயிற்சி மாணவியோடு நின்ற அப்பெண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே விடுப்பு எடுத்த தோழியின் சுமையும் அவள் தலையிலேயே விழுந்தது. மறுவாரம் அவள் விடுப்பு எடுத்தால் அச்சுமை தோழியின் தலையில் விழும். ஆகவே காய்ச்சலோடும் வேலைக்குச் செல்கிறார்கள்.

இதனால் துன்புறுவோர் செவிலியர் மட்டும் அல்லர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, பேராசிரியை லிண்டா ஏய்க்கனும் அவருடைய குழுவினரும் 2002 இல் வெளியிட்ட முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. ஒரு செவிலியர் கவனிக்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை பெற்றவர் முப்பது நாள்களுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. செவிலியர் மனஞ்சோர்வதற்கான வாய்ப்பு 23 விழுக்காடும், வேலையில் நிறைவு இழப்பதற்கான வாய்ப்பு 15 விழுக்காடும் கூடின. இதில் வியப்பில்லை. மருத்துவர் காலையும் மாலையும் வந்து பார்ப்பவர். நடு இரவில் நோயாளியின் முகம் மாறுவதையும், மூச்சு வேகம் கூடுவதையும் முதலில் காண்பது செவிலியரின் கண்ணே. அந்தக் கண்ணுக்கு ஓய்வும் நேரமும் மறுக்கப்பட்டால், விலை கொடுப்பவர் கட்டிலில் படுத்திருக்கும் நம் தந்தையும் தாயுமே. கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள் என்று 1999 இல் சட்டமியற்றி, 2004 முதல் நடைமுறைப்படுத்தியதன் காரணமும் இதுவே.

இரண்டாவது ஊதியம். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலை குறித்து இந்தியச் செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் ஒரு குழு அமைக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. அக்குழு தந்த பரிந்துரை தெளிவானது. 200 கட்டில்களுக்கு மேற்பட்ட மருத்துவமனையில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம். 100 கட்டில்களுக்கு மேல் இருந்தால் அதில் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையலாகாது. 50 முதல் 100 வரை இருந்தால் இருபத்தைந்து விழுக்காட்டுக்கு மேல் குறையலாகாது. அதனினும் சிறியதாயின் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது. நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களுக்கு விடப்பட்டது. கேரளத்தில் செவிலியர் பல ஆண்டுகள் போராடியபின், 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் குறைந்த அளவு ஊதியமாக அறிவிக்கப்பட்டது. நம் தமிழகத்தில் 2015 இல் அரசுப் பணிக்குத் தொகுப்பூதிய முறையில் எடுக்கப்பட்ட செவிலியருக்குத் தொடக்கத்தில் மாதம் 7,700 ரூபாயே வழங்கப்பட்டது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு அமர்ந்து போராடிய பின்னரே அவர்களுடைய நிலை நாட்டுக்குத் தெரிந்தது.

மூன்றாவது மதிப்பு. கொரோனா கொள்ளைநோய்க் காலத்தை எவரும் மறந்திருக்க முடியாது. 2020 மார்ச் 22 ஆம் நாள் மாலை ஐந்து மணிக்கு நாடெங்கும் கை தட்டினோம், தட்டுகளை ஒலித்தோம். மே 3 ஆம் நாள் விமானப்படை மருத்துவமனைகள்மேல் மலர் தூவியது. அதே வாரங்களில்தான், நோய் பரவும் என்று அஞ்சிச் செவிலியரை வாடகை வீடுகளைக் காலி செய்யச் சொன்ன செய்திகளும் வந்தன. வானத்திலிருந்து விழுந்த மலர், வாசலில் மறுக்கப்பட்ட இடத்திற்கு ஈடாகுமா?

‘சிஸ்டர்’ என்னும் சொல்

நம் குடும்பங்கள் சற்றுக் கூர்ந்து எண்ண வேண்டிய ஒன்று உண்டு. கன்னியர் மடத்துத் துறவியரையும் மருத்துவமனைச் செவிலியரையும் நாம் ஒரே சொல்லால் ‘சிஸ்டர்’ என்று அழைக்கிறோம். இதற்கு வரலாறு உண்டு. மேல்நாடுகளில் பல நூற்றாண்டுகள் நோயாளிகளைப் பேணியவர்கள் துறவியரே. நம் நாட்டிலும் ஏழை நோயாளிகளின் புண்ணைக் கழுவிய முதற்கைகளுள் பல துறவியரின் கைகளே. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909 இல் செவிலியர் பள்ளி தொடங்கிய காலத்தில், பிறர் உடலைத் தொட்டுப் பேணும் வேலைக்குத் தம் பெண்களை அனுப்பப் பெரும்பாலோர் கூசினர். அக்கூச்சத்தை முதலில் வென்று இப்பணிக்கு வந்தவர்களில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள் பலர். அது நமக்குப் பெருமையே.

ஆனால் அந்தச் சொல்லோடு ஓர் எதிர்பார்ப்பும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. துறவியர் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். அவர்களுக்கு உணவு, உறைவிடம், முதுமையில் பராமரிப்பு ஆகியவற்றைச் சபை பார்த்துக்கொள்கிறது. இல்லறத்தில் வாழும் செவிலியர் அத்தகைய வார்த்தைப்பாடு எதுவும் கொடுக்கவில்லை. அவளுக்கு வீட்டு வாடகை உண்டு. கல்விக் கடனின் தவணை உண்டு. பால் குடிக்கும் குழந்தை உண்டு. படுத்திருக்கும் மாமியார் உண்டு. அவளை ‘சிஸ்டர்’ என்றும், ‘வெண்ணிற வானதூதர்’ என்றும் புகழ்ந்துவிட்டு, அவள் கொடுக்காத வார்த்தைப்பாட்டின்படி அவள் வாழ வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கலாமா? அவள் ஊதியம் கேட்டால் ‘சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது’ என்று சொல்லலாமா?

கிறிஸ்து பெருமான் கூறிய நல்ல சமாரியன் உவமை நம் எல்லாருக்கும் மனப்பாடம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் தூக்கிச் சென்று சத்திரத்தில் சேர்த்தான் என்பதோடு நாம் பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம். மறுநாள் அவன் புறப்பட்டுப் போய்விட்டான். அதன்பின் நாள்தோறும் காயத்தைக் கழுவி, உணவூட்டி, இரவில் விழித்திருந்து காத்தவன் யார்? சத்திரக்காரன். அந்த உவமையில் செவிலியின் வேலையைச் செய்தவன் அவனே. அவனிடம் சமாரியன், ‘இது புண்ணிய காரியம், இலவசமாகச் செய்’ என்று சொல்லவில்லை. இரண்டு தெனாரியம் எடுத்துக் கொடுத்தான். ஒரு தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் உறுதி கூறினான். சமாரியனின் அன்பு, தன் இரக்கத்தின் சுமையை இன்னோர் ஏழையின் தலையில் ஏற்றிவிட்டுப் போகாத அன்பு. உழைப்பவருக்குக் குடும்பத்தோடு வாழப் போதுமான ஊதியம் நீதியின்படி உரியது என்று பதின்மூன்றாம் சிங்கராயர் 1891 இல் எழுதிய சுற்றுமடலும் இதையே போதிக்கிறது.

நம் சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்தும் மருத்துவமனைகள் இதை முதலில் தம்மிடமே கேட்டுக்கொள்வது நன்று. ஏழைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் அளிக்க அவை படும் பாட்டை நாம் அறிவோம். ஆயினும் ஏழை நோயாளிக்குக் காட்டும் சலுகையின் செலவு ஏழைச் செவிலியின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படலாகாது.

விலகுவது துரோகமா?

இனி அப்பெண்ணின் கேள்விக்கு வருவோம். வேலையை விட்டுவிடலாமா?

விடவே கூடாது என்று நாம் சொல்ல மாட்டோம். உடனே விட்டுவிடு என்றும் சொல்ல மாட்டோம். இரவுப் பணி முடித்து வந்த காலையில் எந்தப் பெரிய முடிவும் எடுக்கலாகாது என்பதே நம் முதல் வார்த்தை. பத்து நாளாவது விடுப்பு எடுத்து, வேளைக்கு உண்டு, இரவில் உறங்கி, உடல் தேறியபின் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். களைப்பு தீர்ந்தபின்னும் தூக்கமின்மை, காரணமற்ற அழுகை, வாழ்வில் வெறுப்பு ஆகியவை நீடித்தால் தயங்காமல் மனநல மருத்துவரை நாட வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் மனநல உதவித் தொலைபேசி எண் 14416 இல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பிறர் நோயைக் கவனிப்பவர் தம் நோயை மறைப்பது பெருமையாகாது.

இரண்டாவதாக, வெறுப்பது நோயாளிப் பணியையா, வேலை செய்யும் இடத்தையா என்று பிரித்தறிய வேண்டும். இடத்தையே வெறுக்கிறோம் என்றால், வார்டை விட்டு விலகியும் செவிலியராக நிலைத்திருக்கப் பல வழிகள் உள்ளன. செவிலியர் பள்ளிகளில் கற்பிக்கலாம். அதற்கு மேற்படிப்பு வேண்டும். தொழிற்சாலைகளிலும் பள்ளி விடுதிகளிலும் உள்ள நலப்பிரிவுகளில் பணியாற்றலாம். இரத்தச் சுத்திகரிப்பு, நோய்த்தொற்றுத் தடுப்பு ஆகிய தனிப்பிரிவுகளில் பயிற்சி பெறலாம். இறுதிநிலை நோயாளிகளை வீடு தேடிச் சென்று பராமரிக்கும் பணியில், ஒரு நாளில் சிலரை மட்டும் நிறைவாகக் கவனிக்கலாம்.

அயல்நாடு செல்ல நினைப்போர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ஊதியம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் முகவரிடம் பெருந்தொகை கொடுத்து ஏமாறுவோரும் உண்டு. 1978 இல் தமிழக அரசு நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு வழிகளை முதலில் விசாரிக்க வேண்டும். 2014 இல் ஈராக்கின் திக்ரித் நகரில் போருக்கு நடுவே சிக்கி, ஜூலை மாதம் கொச்சி வந்து சேர்ந்த 46 இந்தியச் செவிலியரை நினைவில் கொள்ளுங்கள். அவர்களில் பலர், வாங்கிய கடன் இன்னும் அடையவில்லையே என்றுதான் அங்கே தங்கியிருந்தனர்.

மூன்றாவதாக, இவ்வளவும் எண்ணிப் பார்த்தபின், ‘இப்பணியே எனக்கு இயலவில்லை’ என்று ஒருத்தி முடிவு செய்தால், அதை ஏற்றுக்கொள்வோம். அலுவலகத்தில் அமர்ந்து செய்யும் வேலையும், ஆசிரியப் பணியும், சிறு கடை வைத்து நடத்துவதும் நேர்மையான உழைப்பே. இரக்கம் வற்றிய கையோடு ஊசி பிடித்து நிற்பதைக் காட்டிலும், அமைதியான உள்ளத்தோடு வேறு வேலை செய்வது அவளுக்கும் நோயாளிக்கும் நலம் பயக்கும். அவளைத் துரோகி என்று பேச நமக்கு உரிமை இல்லை.

அதே வேளையில் ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. 2023 இல் உலகில் 2 கோடியே 98 லட்சம் செவிலியர் இருந்தனர் என்றும், இன்னும் 58 லட்சம் பேர் தேவை என்றும் உலக நல நிறுவனம் 2025 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஒவ்வொரு நல்ல செவிலியர் விலகும்போதும் எஞ்சியிருப்பவரின் சுமை கூடுகிறது. அவரும் விலக எண்ணுகிறார். இச்சங்கிலியை அறுக்கும் பொறுப்பை அந்தப் பெண்கள்மேல் மட்டும் சுமத்த முடியாது.

நாம் செய்யத்தக்கவை

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1854 இல் 38 செவிலியரோடு கிரிமியப் போர்க்கள மருத்துவமனைக்குச் சென்றார். கையில் விளக்கோடு இரவில் அவர் நடந்த படத்தையே நாம் போற்றுகிறோம். ஊர் திரும்பியபின் அவர் பல ஆண்டுகள் செய்த வேலை, இறந்த வீரர்களின் கணக்கை எடுத்து அரசின் முன் வைத்ததாகும். காயத்தால் மாண்டவரைக் காட்டிலும், தூய்மையற்ற இடத்தில் நோய் கண்டு மாண்டவரே மிகுதி என்று எண்களால் காட்டி மாற்றங்களைக் கோரினார். இரக்கத்தோடு ஏற்பாடும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

குடும்பத்தார் செய்யத்தக்கது இது. இரவுப் பணி முடித்து வந்த மகளையோ மருமகளையோ பகலில் உறங்க விடுங்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டால் சோம்பேறி என்று எண்ணாதீர்கள். சமையலும் பிள்ளைகளும் பகல் முழுதும் அவள் பொறுப்பு என்றால், அவளுக்கு இரவும் இல்லை, பகலும் இல்லை. கணவர் குழந்தையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவதால் அவருடைய மதிப்பு குறைந்துவிடாது. கல்விக் கடனின் கணக்கை அவளோடு அமர்ந்து பாருங்கள். அந்தக் கடனே பலரை வாய்திறக்க விடாமல் கட்டி வைத்திருக்கிறது.

நிர்வாகத்தார் செய்யத்தக்கது இது. பணி அட்டவணையை முன்கூட்டியே அறிவிப்பது, இரவுப் பணியை எல்லாருக்கும் சமமாகப் பங்கிடுவது, நோயாளி இறந்த இரவில் பணியில் இருந்தவரை அழைத்து இரண்டு நிமிடம் பேசுவது ஆகியவற்றுக்குப் பெரும்பணம் வேண்டாம். சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு ஊழியரை நிறுத்தி வைப்பது நம்பிக்கையின் அடையாளம் ஆகாது. 2017 இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தால் பேறுகால விடுப்பு 26 வாரமாக உயர்த்தப்பட்டது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அத்திருத்தமே. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழகத்தில் 2008 முதலே தனிச்சட்டம் உண்டு. இவ்வுரிமைகளைச் செவிலியர் கேட்டுப் பெறும்வரை காத்திராமல் நிர்வாகமே எடுத்துச் சொல்லுமானால், அதுவே நல்ல மேய்ப்பனின் வழி.

பங்கு மக்களாகிய நாம் செய்யத்தக்கதும் உண்டு. ஞாயிறு திருப்பலிக்கு வராத செவிலியரைக் குறை கூறுமுன், அவர் எந்த வார்டில் நிற்கிறார் என்று எண்ணுவோம். மே 12 ஆம் நாள் செவிலியர் தினத்தன்று பொன்னாடை போர்த்துவதோடு நில்லாமல், அவர்கள் கூடிப் பேச ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவோம். மூத்த செவிலியர் தம் அனுபவத்தை இளையோருக்குச் சொல்லவும், சட்டம் அறிந்தவர் ஒருவர் விளக்கம் தரவும் பங்கு மன்றம் ஏற்பாடு செய்யலாம். யாவற்றிற்கும் மேலாக, நம் உறவினர் மருத்துவமனையில் இருக்கும்போது குரலை உயர்த்தாதிருப்போம்.

இனி அந்தக் குடும்பத்தின் செய்தி. மகள் இரண்டு வாரம் விடுப்பு எடுத்தாள். நன்றாக உறங்கினாள். உறங்கி எழுந்த பின்னும் அவள் முடிவு மாறவில்லை. இப்போது சென்னையில் அலுவலக வேலையில் இருக்கிறாள். விடுமுறைக்கு ஊர் வரும்போது, தெருக்கோடியில் சர்க்கரை நோயால் கால் புண்ணோடு கிடக்கும் பாட்டிக்குக் கட்டு மாற்றிவிட்டுப் போகிறாள். அப்போது அவள் முகத்தில் எரிச்சல் இல்லை. அவளுடைய தாய்க்கு இன்னும் மனம் முழுதும் ஆறவில்லை. அவளோடு அதே வார்டில் வேலை பார்த்த தோழியோ அங்கேயே நீடிக்கிறாள். ஒருத்தி விலகிய பின்னரே, இரவுப் பணிக்கு மூன்றாம் செவிலியரை நியமிக்க நிர்வாகம் முன்வந்ததாம். அந்த மூன்றாமவர் ஓராண்டு முன்னதாக வந்திருந்தால் நம் பெண்ணும் அங்கேயே இருந்திருப்பாளோ என்று அவள் தந்தை நம்மிடம் கேட்டார். இருந்திருக்கக்கூடும் என்றுதான் சொன்னோம்.

விளக்கேற்றும் விழாவில் சுடரைக் கண்டு கண்கலங்கும் நாம், அதற்கு எண்ணெய் வார்ப்பவர் யார் என்று கேட்பதில்லை. அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது, நம் நோயாளியின் கட்டிலருகே வரும் செவிலியரிடம், ‘இன்று உங்களுக்கு எத்தனை நோயாளிகள், அம்மா? சாப்பிட்டீர்களா?’ என்று கேட்போம். அவர் கூறும் விடையை மனத்தில் வைத்து, வீடு திரும்புமுன் அதை நிர்வாகத்தின் காதிலும் போட்டுவிட்டு வருவோம்.